கடைசிப் படகுக்கு எழுந்துபோனவர்கள்

போர்ட் பிளேரில், சாத்தத்திலிருந்து அக்கரையான பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில், இடது பக்கப் பலகையில் உட்கார்ந்து, நாங்கள் ஐந்தாறு பேர் தினமும் ஒரு மனிதனை நேசிக்கிறோம். அவன் ஒரு காலத்தில் ஒரு இலாகாவின் பந்தாட்டக் குழுவில் ஹாஃப் ஆடியவன். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில், கோல் போடுகிறவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைதட்டல் இல்லாமல் நிற்கிற இடம் அது.

"அவன மாதிரி ஒருத்தன் இந்தத் தீவுக்கு இனி வரமாட்டான்" என்று யாராவது தொடங்குவார்கள். துணிக்கடை பாய் கண்ணை மூடிக்கொள்வார். காண்ட்ராக்டர் தொடையில் தட்டி, "க்யா பாஸ் தேத்தா தா! என்னமா பாஸ் குடுப்பான்!" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் இளவட்டங்களுக்கு நாங்கள் ஏதோ கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரித் தெரியும். இந்த நேசத்தில் நான் கடைசியாக வாய் திறப்பேன், எல்லாரையும்விட நன்றாகப் பேசுவேன். சொற்கள் எப்போதும் நான் சொன்னபடி கேட்டன. அவனுக்கு நேர்ந்த கேடே அதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குச் சனிக்கிழமை என்ற ஒன்றுதான் இருந்தது. மற்ற நாட்களெல்லாம் மழையும், நாள்கூலிப் பேரேடான மஸ்டர் ரோலும். கப்பல் வராத வாரங்களில் கடிதம் இல்லை, வெங்காயம் இல்லை, செய்தித்தாள் மூன்று வாரப் பழசு. பந்தாட்டம் மட்டும் அன்றன்றைக்குப் புதிதாக நடந்தது. சாத்தத்தை ஊரோடு சேர்க்கும் பாலத்துக்கு ஊர்ப் பக்கம், சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு செம்மண் மைதானம். அதில் இலாகாவுக்கு இலாகா மோதினார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள், எல்லாரும் ஒரே இந்தியில் திட்டினோம். அவரவர் சொந்தத் திட்டுகளைத் தனியே பல்லுக்குள் வைத்துக்கொண்டோம்.

அக்கரைக்காரர்களான எங்களுக்கு ஒரு குறை இருந்தது. இந்தத் தீவுகளில் சூரியன் மெயின்லாண்ட் கடிகாரத்தை மதிப்பதில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அந்நாளில் கடைசிப் படகு அதற்கு முன்னால் கிளம்பிவிடும். மைதானத்திலிருந்து பாலத்தைக் கடந்து சாத்தம் ஜெட்டிக்குப் பத்து நிமிஷ நடை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது, எங்களில் ஒருவர் எழுந்து, "சலோ சலோ, போட் சூட் ஜாயேகா! படகு போயிரும்!" என்பார். ஒரு பக்கத்துக் கூட்டம் முழுக்க எழுந்து போகும். முடிவைத் திங்கட்கிழமை காலை ஜெட்டியில் கேட்டுக்கொள்வோம். அப்படி எத்தனை பருவங்கள். ஒரு ஆட்டத்தைக்கூட நாங்கள் கடைசி வரை பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதும் எங்களுக்கு உறைக்கவில்லை. எழுபது நிமிஷ ஆட்டத்தில் ஐம்பது நிமிஷத்தையே முழு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஐம்பது நிமிஷத்தில் அவன் நின்றான். நின்றான் என்றால் நடுவட்டத்தைச் சுற்றி ஒரு நாலு முழத்துக்குள் அசைந்தான். பந்து வந்தால் ஒரே தட்டு, இடப்பக்கம் தள்ளினான். மறுபடி வந்தால் வலப்பக்கம். ஓடுகிற வேலையெல்லாம் எதிராளிக்குக் கொடுத்தான். அவர்கள் ஓடினார்கள், சேற்றை வாரியிறைத்துக்கொண்டு ஓடினார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். மூச்சு வாங்கி, தொடை பிடித்து, கண் மங்கி, அவர்களால் இனி முடியாது என்ற நேரத்தில் இவன் ஆடத் தொடங்குவானாம். அந்த நேரத்தில் நாங்கள் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம்.

"லங்கர்!" என்று கத்துவோம். கப்பல்காரர் இந்தியில் நங்கூரம். "அரே லங்கர், உட்டோ! கப்பல் கிளம்பிடுச்சு!" கூட்டம் சிரிக்கும். அவனும் ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், இருபத்துநாலு வயது இருக்கும். முன் பல் ஒன்று கொஞ்சம் ஒடிந்திருக்கும். நாள்கூலி மஸ்தூராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணம் முடித்து ஆறாம் மாதம் கப்பலேறியவன். மனைவி அவள் அப்பா வீட்டில். பெர்மனென்ட் ஆகாமல் குவார்ட்டர்ஸ் கிடையாது. குவார்ட்டர்ஸ் கிடையாது என்றால் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று மாமனார் ஒரே பிடியாக இருந்தார். ஷெட்டில் பதினெட்டு ஆண்களோடு படுத்திருக்கிறவனிடம் எந்தத் தகப்பன் மகளை அனுப்புவான்? இதை அவன் ஒருநாள் ஜெட்டியில் என்னிடம் மட்டும் சொன்னான். படகு அக்கரை சேர்வதற்குள் நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நன்றாகவும் சொன்னேன். மாமனாராக நடித்துக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் புதிய கூச்சல் பிறந்தது.

"லங்கர்! ஓடு, ஓடாட்டி பொண்டாட்டி வராது!"

அந்த முறை அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அந்த இலாகாவில் ஒரு வழக்கம் இருந்தது. பருவம் முடிந்ததும், குழுவில் இருக்கும் நாள்கூலிக்காரர்களில் ஒருவனுக்குப் பெர்மனென்ட் போஸ்ட். யாருக்கு என்று முடிவு செய்கிற என்ஜினியர் சாப் வடக்கத்திக்காரர், நல்லவர், பந்தாட்டம் அறவே தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர். ஆகவே, ஆட்டம் பார்க்கிற பொதுஜனம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு ஆளைச் சொல்லட்டும் என்பார். அக்கரைக் கூட்டம்தான் பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான். இன்னொரு ஆபீசில் கிளார்க்.

அந்த வருஷம் இரண்டு பேர். ஒன்று இவன். இன்னொன்று முன்வரிசைக்காரன் ஒருவன். நெற்றியில் முடி விழ ஓடுவான், முதல் பாதியிலேயே கோல் போடுவான், போட்டதும் எங்கள் பக்கம் ஓடிவந்து சல்யூட் அடிப்பான். எங்கள் நேரத்துக்குள் ஆடத் தெரிந்தவன்.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், நாங்கள் படகிலிருந்து இறங்கும்போது இவன் ஜெட்டியில் நின்றிருந்தான். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"அண்ணாச்சி, நீங்கதான் தாள் எழுதுவீயன்னு சொன்னாவ."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரே ஒரு ஆட்டம் கடைசி மட்டும் இருந்து பாத்துட்டு எழுதுங்க. பெறவு என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க."

"படகு போயிருமேப்பா."

"ஒரு டிங்கிக்கு சொல்லி வச்சிருக்கேன். நானே துடுப்பு போட்டு அக்கரையில விட்டுருதேன். மேல ஒரு சொட்டு தண்ணி படாது."

காண்ட்ராக்டருக்கு இது தாங்கவில்லை. "எழுவது நிமிஷம் ஆடிட்டு அப்புறம் துடுப்பு வேற போடுவியா? அரே லங்கர், அந்த ஓட்டத்தை மைதானத்துல கொஞ்சம் ஓடேன்!"

எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான், வேலை எங்கள் கையில் இருந்தது. சிரித்து முடித்து என்னையே பார்த்தான்.

"இருக்கேன்" என்றேன். "கண்டிப்பா இருக்கேன், போ."

சனிக்கிழமை வந்தது. முதல் பாதியில் முன்வரிசைக்காரன் ஒரு கோல் போட்டான், சல்யூட் அடித்தான். இடைவேளைக்குப் பிறகு எதிராளிகள் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். இவன் நின்றுகொண்டிருந்தான். எங்களுக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினோம். பிறகு அந்த நேரம் வந்தது. காண்ட்ராக்டர் எழுந்து குடையை உதறினார். "சலோ சலோ."

நான் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிக் கால்கள் எழுந்தன, புல் நிமிர்ந்தது, என் பக்கம் வெறிச்சென்று ஆனது. அவன் கவனித்தான். பந்து எங்கோ கிடக்க, அத்தனை தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, இனி பாருங்கள் என்பது போல் ஒரு முறை தலையை ஆட்டினான்.

நான் எழுந்தேன். பேண்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டேன். காரணம் என்று எதையாவது சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஒன்றும் இல்லை. தெற்கே மேகம் கறுத்திருந்தது, எனக்குப் பசித்தது, எல்லாரும் போகும்போது தனியே உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்து, பாலத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

படகில் தாளை எடுத்தேன். திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும், எல்லாரும் ஒன்றாக இருக்கிற நேரம் இதுதான். பாயின் கணக்குப்பிள்ளை ஒரு அட்டை கொடுத்தார், முழங்காலில் வைத்து எழுதினேன். முன்வரிசைக்காரனைப் பற்றி நாலு வரி, சுமாரான வரிகள். கயிறு அவிழ்ந்து, படகு நடு நீருக்கு வந்திருக்கும். அப்போது கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மைதானம் மொத்தமும் ஒரே வாயாகத் திறந்த மாதிரி. ஒரு முறை எழுந்து, அடங்காமல், மறுபடி எழுந்தது.

"கோல்!" என்றார் காண்ட்ராக்டர். "நம்ம பையன்தான். எழுதுங்க, ரெண்டு கோல்னு எழுதுங்க."

ரெண்டு கோல் என்று எழுதினேன். பேனா சூடு பிடித்திருந்தது. இன்னொருவனைப் பற்றியும் சாப் கேட்பாரே, அதையும் முடித்துவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்: ‘மற்றவன், மற்றவர்கள் ஓடுவதைக் காண மைதானத்தின் நடுவிலேயே இலவச இடம் பிடித்துக்கொண்டவன்.’ படித்துக் காட்டினேன். படகே குலுங்கியது. பதினெட்டுக் கையெழுத்து, பதினொரு கைநாட்டு. கைநாட்டு வைத்த ஒரு வங்காளிக் கிழவர், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்துக்கொண்டே விரலை ஊன்றினார்.

திங்கட்கிழமை காலை அந்த இலாகாவின் பியூன் தாளை வாங்க ஜெட்டிக்கு வந்திருந்தான். அவன் போர்ட் பிளேர்க்காரன், எந்தப் படகுக்கும் ஓட வேண்டாதவன். வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"பாத்தீங்களா அண்ணே? என்னா ஆட்டம்! என்னா கோல்!"

"யாரு?" என்றார் பாய்.

"யாரா? ஹாஃப்தான்! சல்யூட் தொரை தொடையைப் பிடிச்சிக்கிட்டு வெளியே உக்காந்துட்டாரு. கடைசி இருவது நிமிஷம் இவன் ஒருத்தன்தான் ஆடினான். ஏழு பேரு அவன் பின்னாடி நாய் மாதிரி ஓடினானுங்க. முடியப் போவுது, நடு மைதானத்துலேருந்து எடுத்துட்டுப் போயி... நீங்க பாக்கலையா?"

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பாய் மெல்ல என் பக்கம் சாய்ந்தார். "மாத்தி எழுதிரலாமா தம்பி?"

"எப்படி மாத்துறது?" என்றார் காண்ட்ராக்டர். "இத்தனை பேர்கிட்ட மறுபடி எவன் கையெழுத்து வாங்குறது? அதுவும் நாம கண்ணால பாக்காதத எப்படி எழுதுறது? பொய்யாயிடாது?"

எங்களுக்கு அன்று காலை நேர்மை வந்துவிட்டது. பாய் தலையாட்டினார். எனக்கு நேர்மைகூட இல்லை. அந்த இலவச இடம் வரியைக் கிழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நான் அதுவரை எழுதியதில் அதுதான் சிறந்தது. தாளை எடுத்துப் பியூனிடம் கொடுத்தேன். அவன் அதைப் படிக்கத் தெரியாமல் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான்.

சல்யூட்காரன் பெர்மனென்ட் ஆனான். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று ஆட்டம் ஆடியிருப்பான், முழங்கால் வலி என்றான், தொப்பை போட்டான். இவனுக்கு அந்த வருஷத்தோடு போர்ட் பிளேரில் மஸ்டர் ரோல் முடிந்தது. தெற்குத் தீவு ஒன்றில் ரோடு போடுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறினான். நாங்கள் யாரும் வழியனுப்பப் போகவில்லை. வேலை நாள்.

அடுத்த பருவம் அந்தக் குழு ஆறு ஆட்டம் தோற்றது. அப்போதுதான் எங்கள் நேசம் தொடங்கியது. முதலில் "அவன் இருந்திருந்தா" என்று ஒருவர் சொன்னார். பியூன் சொன்னதை ஒருவர் தான் கேட்டதாகச் சொன்னார். இரண்டு வருஷத்தில் கேட்டது பார்த்ததாகிவிட்டது. காண்ட்ராக்டர் அந்தக் கோலைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பாய், பந்து வலையில் விழுந்தபோது தெறித்த சேறு தன் சட்டையில் பட்டதாகச் சொன்னார், அவர் சத்தியம் தவறாத மனிதர். நான் மட்டும் என்ன? ஓடும்போது அவன் மூச்சு எப்படிக் கேட்டது என்று ஒரு மழை நாளில் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு மாலை, அவன் அதே படகில் ஏறினான்.

முடி கொட்டியிருந்தது, வெயிலில் கருகியிருந்தான். ஒடிந்த பல்லை வைத்துப் பாய்தான் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், மேலே விழுந்தோம். காண்ட்ராக்டர் கட்டிப்பிடித்து அழுதார். பீடி கொடுத்தோம், டீ வாங்கினோம், பலகையில் நடுவில் உட்கார வைத்தோம். இளவட்டங்களைக் கூப்பிட்டு, "தேக்கோ, இவர்தான்!" என்றோம். அவனுக்கே அவன் கோலைச் சொல்லத் தொடங்கினார் காண்ட்ராக்டர்.

"வலது கால்ல எடுத்தான் பாரு..."

"இடது கால் அண்ணாச்சி" என்றான் அவன்.

"நீ சும்மா இருப்பா. நீ ஆடிக்கிட்டு இருந்த, உனக்கு என்ன தெரியும்? நாங்க பாத்தோம்!"

அவன் டீயைக் குடித்தான். அக்கரையில் இறங்கியதும் என்னைத் தனியே கூப்பிட்டான்.

இன்னும் நாள்கூலிதான். மனைவி இன்னும் அப்பா வீட்டில்தான். பத்து வயதில் ஒரு மகள், அவளுக்கு அப்பா என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கப்பலில் வந்து ஒரு மாதம் தங்குகிற ஆள். இப்போது பழைய நாள்கூலிக்காரர்களை நிரந்தரமாக்குகிறார்கள், லிஸ்ட் தயாராகிறது. இவன் ஃபைலைத் திறந்த கிளார்க், உள்ளே இருந்த ஒரு பழைய தாளைக் காட்டியிருக்கிறார். பொதுஜனமே சோம்பேறி என்று எழுதிக் கொடுத்த ஆளை எப்படி மேலே அனுப்புவது என்று கேட்டிருக்கிறார்.

"கையெழுத்து உங்களதுன்னு தெரியும் அண்ணாச்சி. கோவமெல்லாம் இல்ல. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ‘நாங்க கடைசி மட்டும் இருக்கல, பாக்காம எழுதிட்டோம்’னு. அத ஃபைல்ல சேத்தா போதும்னு கிளார்க் சொல்லுதாரு. நாளான்னைக்குக் காலைல கப்பலு."

"ஒரு வரி என்ன, பக்கமே எழுதுறேன்" என்றேன்.

மறுநாள் லீவு போட்டு எழுதினேன். முதலில் தமிழில்தான் வரும் எனக்கு. அவன் ஒத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் மாற்றித் தருவதாக இருந்தேன். நடுவட்டத்தில் அவன் நின்ற நிலையை எழுதினேன். மற்றவர்களின் களைப்பை அவன் எப்படிப் பொறுமையாகக் காத்திருந்து அறுவடை செய்தான் என்று எழுதினேன். கடல் காற்று, செம்மண், ஏழு பேர், ஒருவன். கைதட்டலுக்கு வெளியே நின்று ஆடியவன் என்று எழுதினேன். நன்றாக வந்தது. அவன் கேட்ட அந்த ஒரு வரிக்கு ஒவ்வொரு தடவை இடம் தேடும்போதும், அது பக்கத்தைக் கெடுத்தது.

ஃபீனிக்ஸ் பேயில், தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து அவன் மெதுவாகப் படித்தான். முடித்து, திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. எம் மவளுக்குப் படிச்சிக் காட்டலாம். அந்த வரி எங்க?"

"இவ்வளவு எழுதியிருக்கேனே. அதுக்குள்ள அது அடங்கிடும்."

"ஆபீசுக்கு அடங்காது."

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது இருபத்தொம்பது பேரு. அவங்க எல்லாரையும் பொய்யனாக்கச் சொல்றியா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. "பன்னெண்டு வருசம் நான் சோம்பேறியா இருந்துட்டேன்லா."

கப்பலில் மணி அடித்தார்கள். என் பையில் பேனா இருந்தது. அவனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தாளை மடிப்புப் பிசகாமல் மடித்து என்னிடம் நீட்டினான்.

"வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

லிஸ்டில் அவன் பெயர் வரவில்லை என்று மூன்று மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, கப்பல் போன அன்று மாலையே, படகில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றிப் படித்தேன். வங்காளிகளுக்குக் காண்ட்ராக்டர் வரிக்கு வரி இந்தியில் சொன்னார். பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

"நல்லாருக்குன்னான்."